உள்ளே பிடிக்கும் கை

தான் பிடிக்காத ரிவிட் ஒன்று உட்கார்ந்திருப்பதை, பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலைத் தகட்டால் அடைத்த பிறகுதான் அறிவுச்செல்வி பார்த்தாள்.

புதுத் தகட்டின் மேல் மூலையில் இருந்தது அது. அந்த உயரத்துக்கு அவள் முக்காலி போட்டு ஏறியாக வேண்டும். முக்காலியோ பஸ்ஸின் கடைசியில், காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. இழுத்து வந்து ஏறித் தொட்டுப் பார்த்தாள். வால் நசுங்கி, சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாகப் படிந்திருந்தது. அவள் பிடிப்பதைக் காட்டிலும் சுத்தமான வேலை. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

ரிவிட் அடிப்பது ஒற்றை ஆள் காரியமில்லை. வெளியே ஒருவர் துளையில் ரிவிட்டைச் செருகிச் சுத்தியலால் அடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை அதன் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால்தான் வால் நசுங்கும். பிடிக்காவிட்டால் நாள் முழுக்க அடித்தாலும் தகடு அதிரும், ரிவிட் கழன்று விழும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. வெளியே இருப்பவர் இரண்டு தட்டு தட்டினால் அடிக்கப் போகிறார் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் கட்டையால் ஒரு தட்டு தட்டினால் உட்கார்ந்துவிட்டது, அடுத்ததற்குப் போகலாம் என்று அர்த்தம். கல்யாணமான நாளாக இந்தத் தட்டலிலேயே பாதிக் குடித்தனம் நடத்தியவர்கள் அவளும் அவள் புருஷன் முருகானந்தமும்.

அடைக்காத ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஏனுங்க, மேல் மூலையில ஒன்னு உக்காந்திருக்குது. நான் புடிக்கவே இல்லீங்க."

"நீ புடிக்காம அது எப்படி உக்காரும்? வெயிலு மண்டைக்கு ஏறிப்போச்சு உனக்கு. தண்ணியக் குடி."

குடித்தாள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சேந்தமங்கலம் ரோட்டோரப் பட்டறையில், அலுமினியத் தகடு போர்த்திய பஸ்ஸுக்குள் பங்குனி மத்தியானத்தில் நிற்பவருக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். ஒரு காலத்தில் கொல்லிமலைக்கு ஓடின வண்டி அது. இப்போது சேலத்து ஆஸ்பத்திரி ஒன்று ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுப்பதற்காக வாங்கியிருந்தது. உள்ளே பொட்டு வெளிச்சம் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு எழுந்துவிட்டது. பின்படி அடைபட்டுவிட்டது. ஏறி இறங்க இடதுபக்க முன்படி ஒன்றுதான் மிச்சம்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்குப் பதிலாக உள்ளே பிடிக்கிற சென்றாயன் இந்த வண்டியில் ஒரே நாள்தான் நின்றான். மறுநாள் ஆளைக் காணோம். போன் போட்டதற்கு, "உள்ள ரெண்டு பேருக்கு எடம் பத்தலீங்கண்ணா" என்றான். இவன் ஒருத்தன்தானே உள்ளே நிற்கிறான், இன்னொரு ஆள் எங்கிருந்து வந்தது என்று முருகானந்தம் கேட்கவில்லை; காலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டான் என்று முடிவு கட்டி, பெண்டாட்டியை உள்ளே நிறுத்தினார். அறிவுச்செல்விக்கும் அதில் வருத்தமில்லை. கூடவே நிலாவையும் கண்ணெதிரில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

நிலாவுக்கு நாலு வயது. அவளுக்கு முன்னால் வயிற்றிலேயே இரண்டு போய், கோயில் கோயிலாக நடந்து பெற்ற பிள்ளை. பட்டறை முழுக்கத் தகர நறுக்கு. காலை வைத்தால் கிழித்துவிடும். பஸ்ஸுக்குள் இருந்தால் பத்திரம் என்று பின்பக்கக் கம்பியில் சேலையைத் தூளியாகக் கட்டிப் போட்டிருந்தாள். சுத்தியல் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை. சத்தம் நின்றால்தான் எழுந்துகொள்ளும்.

அடுத்த ஜன்னலும் அடைபட்டது. வெளிச்சம் ஒரு படி இறங்கியது. பழைய ரெக்சின் நாற்றமும் துரு நாற்றமும் முன்னைவிடக் கனத்தன. அவற்றுக்கு நடுவே, யாரோ பக்கத்திலேயே நின்று கசக்கியது போல எலுமிச்சம்பழ வாசம். மலைப் பாதையில் வாந்தி வராமலிருக்கச் சனங்கள் முகர்ந்துகொண்டு போவார்களே, அந்த வாசம். இத்தனை வருஷம் ஷெட்டில் நின்ற வண்டியில் அது எப்படி வரும்? வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அதை நினைக்க வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

கடைசி ஜன்னலுக்குத் தகட்டை நிறுத்தி, நாலு மூலைக்கும் அடித்தார்கள். அதோடு ரிவிட் தீர்ந்தது. முருகானந்தம் படியில் ஏறி எட்டிப் பார்த்தார்.

"டவுனுக்குப் போயி ரிவிட்டு வாங்கிட்டு வாரேன். பாப்பா தூங்குதா?"

"தூங்குதுங்க. சுருக்கா வாங்க."

பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் தரையிலே கால் நீட்டி உட்கார்ந்தாள். படி வழியாக ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்துகிடந்தது. கண்ணை மூடினாள்.

டக், டக்.

கடைசி ஜன்னல் தகட்டில்தான். ரிவிட் டப்பா அடியில் நாலைந்து கிடந்திருக்கும், அதை அடித்துவிட்டுப் போகலாமென்று திரும்பியிருப்பார் என்று எண்ணிக்கொண்டாள். அரை நிமிஷம் உட்கார விடமாட்டார் இந்த மனுஷன். எழுந்து கட்டையை எடுத்து வைத்தாள். அடி விழுந்தது. உட்கார்ந்தது. ஒரு தட்டு தட்டினாள். மறுபடியும் இரண்டு தட்டு. மறுபடியும் அடி. நாலைந்தோடு நிற்கவில்லை. வரிசையாக வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு ரிவிட்டுக்கும் ஒரு துளை வெளிச்சம் அணைந்தது. அடி வழக்கத்தைவிட நிதானமாக, ஒரே அளவில் விழுவதை அவள் உள்ளங்கை உணர்ந்தது. அவருக்குப் பல நாளாக இருந்த கை வலி தேவலை போலிருக்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்தாள். வலது கை கட்டையிலேயே இருந்தது.

"செல்வி, பஸ் ஸ்டாண்டுகிட்டக் கடை பூட்டிக் கெடக்குது. பரமத்தி ரோட்டுல போயிப் பாக்கறேன்."

முருகானந்தத்தின் குரல். பின்னால் பஸ் ஹாரன்களின் இரைச்சல்.

கட்டையில் அடி விழுந்தது.

"என்ன சத்தம் அங்க?" என்றார். "ஆரு அடிக்கறது?"

தகட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பது யார்? இத்தனை நேரம் யாருக்குப் பிடித்துக் கொடுத்தாள்? கட்டையை மெல்ல எடுத்தாள். பிடிக்காவிட்டால் உட்காராது. பிடிக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. ஒரு எட்டு பின்வாங்கினாள்.

டக், டக்.

அடி விழுந்தது. அவள் கண் முன்னால், பிடிக்க ஆளில்லாத வால், அழுத்திய மாவு போல மெதுவாகப் பரந்து படிந்தது.

பிறகு ஒரு தட்டு. உட்கார்ந்துவிட்டது என்கிற தட்டு. வெளியே இருந்து அல்ல. பஸ்ஸுக்குள்ளிருந்து.

"பாப்பா" என்று திரும்பி ஓடினாள். இருட்டில் தூளி கையில் பட்டது. துணி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே பிள்ளை இல்லை.

அப்போதுதான் தெரிந்தது, தரையில் விழுந்துகிடந்த வெயில் இல்லை என்று. படி இருந்த பக்கம் திரும்பினாள். வாசல் இல்லை. மேலிருந்து கீழ் வரை தகடு நின்றது. அடிக்காத துளைகளில் மட்டும் வெயில் கம்பி கம்பியாக வந்தது. மேல் வரிசை அணைந்துவிட்டது. பக்க வரிசை அணைந்துகொண்டிருந்தது. டக், டக். அடி. ஒரு தட்டு. டக், டக். அடி. ஒரு தட்டு.

போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

நிலா படியோரம் நின்றிருந்தாள். தூக்கம் கலையாத முடி, ஒரு காலில் மட்டும் கொலுசு. அவள் கையில் கட்டை இல்லை. வெறும் உள்ளங்கையைத் தகட்டில் வைத்து அழுத்தியிருந்தாள். வெளியே அடி விழ, அந்தச் சின்னக் கைக்கு அடியில் இரும்பு நசுங்கும் சத்தம் கேட்டது. பிள்ளை முகம் சுளிக்கவில்லை. கையை எடுத்து, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

"சாமி, வேண்டாம் சாமி, கைய எடு. அம்மாகிட்ட வா."

இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இழுத்தாள். நகரவில்லை. போனைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். பதினாலு கிலோப் பிள்ளை. தினமும் இடுப்பில் தூக்குகிற பிள்ளை. பஸ்ஸோடு சேர்த்து அடித்தது போல நின்றது. கீழே கிடந்த போனில் முருகானந்தம் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். "செல்வி, பாப்பா எங்க? செல்வி, பாப்பா எங்க?"

நிலா தலையை மட்டும் திருப்பினாள். குரல் அவளுடையதுதான்.

"நீ போய்த் தூங்கும்மா. நான் புடிச்சுக்கறேன்."

ஒரே ஒரு துளை மிச்சமிருந்தது. அதன் வழியாக வந்த வெயில் பிள்ளையின் வயிற்றில் பொட்டாக விழுந்தது. வெளியே இரண்டு தட்டு கேட்டது. நிலா கையைக் கீழே இறக்கி, அந்தத் துளையின் மேல் வைத்தாள்.