இடது ஓரத்து விண்டோ

அவன் சேமித்து வைத்தது இரண்டு விண்டோக்கள். நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்ததும் வந்து நின்றவை மூன்று.

மூன்றாவது, இடது ஓரத்தில் ஒடுங்கலாக. பிழைச் செய்திகளுக்கென்று அப்படி ஒன்றைத் திறந்து வைப்பவள் அவனோடு வேலை பார்த்த வாலு ஒருத்திதான். "ஓரத்துல ஒரு கண்ணு இருக்கணும்ணா. எவன் எதைக் கெடுக்கிறான்னு தெரியணும்ல" என்று சிரிப்பாள். அவள் செத்த பிறகு அந்த இருக்கையும் கணினியும் இவனுக்கு வந்திருந்தன.

மூடினான். இரண்டே விண்டோக்களோடு திரை அமைப்பை மறுபடி சேமித்தான். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏசியின் முனகலுக்கும் கைகழுவும் இடத்தில் குழாய் சொட்டும் ஓசைக்கும் நடுவே, அவள் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி மெல்ல எழுந்து வந்து அவன் தொண்டையில் நின்றது.

எடிட்டரைத் திறந்தான். இப்போது நான்கு.

நான்காவதில் அந்தக் கட்டளை. அவள் கைகழுவப் போன நேரத்தில், அவள் கணக்கில், அவள் இருக்கையில் உட்கார்ந்து இவன் அடித்தது. வாடிக்கையாளரின் தரவு மொத்தமும் அழிந்தது. விசாரணையில், "அவதான் சார் சீட்ல இருந்தா" என்று கூசாமல் சொன்னான், பாவி. "அண்ணா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கண்ணா" என்று அவள் அழுதபோது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை போன வாரமே அவள் உயிரை விட்டாள்.

எழுமுன் அமைப்பைச் சேமிப்பது அவன் கைப்பழக்கம். அன்றைக்கும் கை தன்பாட்டுக்குச் சேமித்திருந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்காமல் போவானா?

விண்டோக்கள் அன்றிருந்த இடங்களுக்கு நகர்ந்தன. பிறகு மேஜை. வலப்பக்கம் அவளுடைய கோப்பை வந்திருந்தது, ஆவி பறக்க. நாற்காலி அவள் உயரத்துக்குத் தாழ்ந்தது.

குழாய் சொட்டுவது நின்றது.

எழப் பார்த்தான். முடியவில்லை. விரல்கள் விசைகளின் மேல், அன்று போலவே. தோளில் ஈரம். ஒரு கை. இன்னொரு கை.

"எந்திரிக்காதீங்கண்ணா. நீங்கதானே சேவ் பண்ணீங்க? அப்படியே இருங்க."

சாப்பிடப் போனவர்கள் பேசிச் சிரித்தபடி திரும்பி வந்தார்கள். கத்த முயன்றான். உதடு பிரியவில்லை. "இன்னும் சாப்பிடலையா நீ?" என்று யாரோ கேட்டுவிட்டுக் கடந்து போனார்கள்.

அவன் விரல்கள் அந்தக் கட்டளையை மறுபடி அடிக்கத் தொடங்கின. அழிக்க வேண்டிய தரவின் பெயர் வரும் இடத்தில் அவன் பெயர். தோளிலிருந்து தண்ணீர் விசைப்பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. இடது ஓரத்து விண்டோவில், இமைக்காமல், ஒரு கண்.