பனிப்புயல் நாளில் உறைந்த ஜெல்

திங்கள், காலை 9.10. மினியாபொலிஸ் ஆய்வகத்தில் பன்னிரண்டு தட்டுகளிலும் ஜெல்லில் விட்ட செல்கள் செத்துக் கிடந்தன.

பாவம், ஆய்வாளர் சொல்வேக்! தீக்காயத்தில் புதுத் தோல் வளர இடம் தரும் ஜெல்லுக்காக இரண்டு வருடம் உழைத்தவள். பகல் ஒரு மணிக்கு ஆய்வகத் தலைவர் ரோல்ஃப் வருவார். இந்தத் தோல்வியைப் பார்த்தால் திட்டத்தையே மூடிவிடுவார்.

9.40. நுண்ணோக்கி அறையின் பா ஹூவா ஜெல்லில் ஒரு துண்டைச் சீவிப் பார்த்தாள். துப்புத் துலக்குவது என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“அதே பொருள்தானே?” என்று கேட்டாள்.

“அதே பொருள், அதே அளவு. சத்தியமா!”

“ஓட்டையெல்லாம் பொடிப் பொடியா இருக்குடி. போன தடவை செல் ஜாலியா உள்ள போச்சு. இதுல தலையைக்கூட நுழைக்க முடியாது.”

ஜெல்லை மெல்ல உறைய வைத்தால் உள்ளே பனிக்கட்டிகள் பெரிதாகும். அவற்றை நீக்கினால் பெரிய ஓட்டைகள் மிஞ்சும். சட்டென்று உறைந்தால் எல்லாம் சின்னதாகிவிடும். சொல்வேக் எப்போதும் சாதாரண உறைபெட்டியில்தான் வைப்பாள்.

10.15. பா ஹூவா ஜெல்லை ஊற்றி வைத்த அச்சுப் பெட்டியைத் திருப்பினாள். பெயர்ச்சீட்டில் புது டேப். அடியில் பழைய பசைத் தடம்.

“இதை என்னிக்கு உறைய வச்ச?”

“பனிப்புயல் வந்த வியாழன். ஊத்தி வச்ச உடனே ரோல்ஃப் எல்லாரையும் வீட்டுக்கு விரட்டிட்டாரு.”

“அவரு?”

“கடைசியா பூட்டிட்டுப் போனாரு.”

1.00. ரோல்ஃப் திட்டத்தை மூடும் தாளும் பேனாவுமாக வந்தார்.

“குற்றவாளி நீங்கதான் ரோல்ஃப்,” என்றாள் பா ஹூவா. “ஜெனரேட்டர் இருக்கிறது சட்டுனு உறைய வைக்கிற ஆழ்குளிர் பெட்டிக்கு மட்டும். கரண்ட் போயிடுமோன்னு இவ ஜெல்லை அதுல மாத்தினீங்க. அந்தக் குளிர்ல சாதா டேப் உதிரும். அதான் திரும்ப எடுத்து வைக்கும்போது புதுசு ஒட்டியிருக்கீங்க!”

“மாத்தாம? எல்லார் சாமானையும் நான்தான் காப்பாத்தினேன்!” என்றவரின் முகம் சட்டென்று சிவந்தது. “அடக் கடவுளே... ஜெல் அங்கேயா உறைஞ்சுது?”

சொல்வேக் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

“திட்ட மாட்டியா?”

“எதுக்கு? பொருள் ஒண்ணு, ஓட்டை மட்டும் வேற. பெரிய ஓட்டையில செல் வாழுது, பொடி ஓட்டையில சாகுது. எல்லாம் ஓட்டையிலதான் இருக்குன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க!”

“அப்போ ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேர் முதல்ல வருமா?”

“ஆசையப் பாரு!”

ரோல்ஃப் வாய்விட்டுச் சிரித்தார். கொண்டுவந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, திட்டத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டார்.