நெற்றியில் குத்திய அன்னம்

"ஐயோ... முதலாளீ...!"

ஃபோர்மேன் குப்புராஜின் அலறல் கும்மிடிப்பூண்டி பஜார் முழுக்கக் கேட்டது.

எழுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை வெயில். அச்சக முதலாளி இராமலிங்கம் மேஜையடியில் மல்லாந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. நெற்றியில் கறுப்பாக ஓர் அன்னம். பக்கத்தில் அதே அன்னம் செதுக்கிய மர பிளாக்... ரத்தத்தோடு!

இன்ஸ்பெக்டர் துளசிராமன் குனிந்து பார்த்தார்.

"கொன்னுட்டு முத்திரை வேற குத்தியிருக்கான். யார்ரா இதைச் செதுக்குனது?"

"ஆர்ட்டிஸ்ட் தாவீது சார்," என்றான் குப்புராஜ். "தலபுராண புஸ்தகத்துல ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல வர்ற அலங்காரம். 'இது அன்னமா, நனைஞ்ச கோழியா?'ன்னு முதலாளி கேட்டாரு. 'உன் நெத்தியிலயே குத்துறேன் பாரு'ன்னு இவன் கத்துனான். அல்லாரும் கேட்டோம்!"

கூட்டத்தோடு நின்றிருந்த தாவீதின் கையில் விலங்கு ஏறியது.

"தூக்குதான்டா உனக்கு."

"கோழின்னா கோவம் வராதா சார்? அதுக்காக கொல்லுவனா? அந்த நெத்தியை ஒரு தபா பாத்துக்கறேன்."

பார்த்தான். சிரித்தான்!

"இன்னாடா இளிப்பு, பொணத்தாண்ட?"

"ஏட்டையா, கொஞ்சம் குனிங்க."

ஏட்டு ராஜவேலு ஏன் குனிந்தார் என்று அவருக்கே தெரியாது. மேஜையில் அதே மாதிரி இன்னொரு பிளாக் இருந்தது. தாவீது அதில் மையைத் தடவி, அவர் நெற்றியில்...

சத்!

"டேய்ய்!"

"மண்ணெண்ண போட்டா போய்டும் ஏட்டையா. சார், பிளாக்குல அன்னம் இடது பக்கம் பாக்குது. குத்துனா வலது பக்கம் பாக்கும். ஏட்டையாவைப் பாருங்க. இப்ப முதலாளியைப் பாருங்க!"

துளசிராமன் பார்த்தார். முதலாளியின் அன்னம் இடது பக்கம் பார்த்தது!

"அப்படின்னா?"

"நெத்தியில பிளாக் படவே இல்ல சார். மை காயாத ப்ரூஃப் காயிதத்து மேல மூஞ்சி வுழுந்து ஒட்டிக்கினு இருக்கு. காயிதத்துல வலது பக்கம் பாத்தது, நெத்தியில ஒட்ட சொல்லோ இடது பக்கம் திரும்பிட்ச்சு. ப்ரூஃப் படிக்க சொல்லோ எவனோ பின்மண்டையில போட்டுட்டு, காயிதத்தை உருவ ஆளைப் பொரட்டியிருக்கான். இங்க ப்ரூஃப் கொண்டாந்து நீட்டுறது ஒரே ஆளு."

எல்லாக் கண்களும் குப்புராஜ் மேல்.

"காலைலேர்ந்து மிஷினே ஓடல சார்!" அவன் கைகளை விரித்தான். "காயிதம் இருந்தா காட்டச் சொல்லுங்க!"

ஏட்டு தேடினார். மேஜை, குப்பைக்கூடை, குப்புராஜின் பைகள்... ஒன்றுமில்லை. குப்புராஜ் இளித்தான்.

"பனியனைத் தூக்குங்க சார்," என்றான் தாவீது.

இளிப்பு நின்றது.

ஏட்டு தூக்கினார். வியர்த்த தொப்பையில் வரிசையாக அன்னங்கள்... எல்லாம் இடது பக்கம் பார்த்தபடி!

"உள்ளார சொருகினு போய் கொளுத்திட்டேன்..." குப்புராஜ் உட்கார்ந்துவிட்டான். "அச்சு கோக்குற ஈய எழுத்தைத் திருடி பட்டறைக்கு வித்ததை கண்டுபுட்ச்சிட்டாரு சார்..."

விலங்கு கை மாறியது.

தாவீது நெற்றி, நெற்றி, தொப்பை என்று மூன்றையும் ஒரு சுற்று பார்த்தான்.

"புஸ்தகம் இன்னும் அச்சே ஏறல சார்... அதுக்குள்ள என் அன்னம் மூணு பதிப்பு போயிட்ச்சு!"