பூட்டுக்கு ஒரு சலாம்

பாலத்தைத் தாண்டியதும் அப்பாவின் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கும்.

"வாலு, வீட்டைப் பூட்டினேனா?"

"பூட்டினீங்கப்பா. நான் பார்த்தேன்."

"நல்லாப் பார்த்தியா?"

அவ்வளவுதான். பள்ளி வேன் வீட்டுக்குத் திரும்பிவிடும். உள்ளே பதினோரு பிள்ளைகளும் பெருமூச்சு விடுவார்கள். வீட்டில் பூட்டு சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வாரம் மட்டும் மூன்று நாள் தாமதம். "இன்னொரு நாள் லேட்டானா வேற டிரைவரைப் பார்த்துக்கறோம்" என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அப்பா தலைகுனிந்து நின்றதைப் பார்த்த வாலுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலையில் அப்பா வேனைக் கழுவும்போது மெல்லக் கேட்டாள்.

"ஏம்பா, பூட்டினது ஞாபகமே இருக்காதா?"

"சாவியைத் திருப்பினது கண்ணுலயே நிக்குதும்மா. ஆனா அது இன்னிக்கா நேத்தான்னுதான் தெரியல. உடனே வயித்தைப் பிசையுது."

வாலு சிரிக்கவில்லை. பரீட்சை நாளில் பேனா இருக்கிறதா என்று பத்துத் தடவை பையைத் திறந்து பார்ப்பவள் அவள். தினமும் ஒரே மாதிரி பூட்டினால் பாவம், அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை அப்பா பூட்டியதும் சொன்னாள், "பூட்டுக்கு ஒரு சலாம் போடுங்கப்பா!"

"பூட்டுக்கா? எதிர்வீட்டுக்காரர் பார்த்தா என்ன நினைப்பாரு?"

"என்னவோ நினைச்சுக்கட்டும். சீக்கிரம்!"

அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, விறைப்பாக ஒரு சலாம் போட்டார். எதிரே பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அது தனக்குத்தான் என்று நினைத்து, பிரஷ்ஷோடு பதில் சலாம் போட்டார்.

பாலம் வந்தது. வேனின் வேகம் குறைந்தது.

"வாலு, வீட்டை..."

"இன்னிக்கு எப்படிப் பூட்டினீங்க?"

அப்பாவின் உதட்டோரம் சிரிப்பு வந்தது. "சலாம் போட்டேன். அந்த மனுஷன் வாயெல்லாம் நுரையோட திருப்பிப் போட்டாரு!"

"நேத்து போட்டீங்களா?"

"இல்லையே! அப்போ இது இன்னிக்குத்தான்!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். வேன் நேராகப் போனது. கொஞ்ச தூரத்தில் அப்பா முணுமுணுத்தார், "வயிறு இன்னும் லேசாப் பிசையுதும்மா."

"பிசையட்டும்பா. அதையும் ஏத்திக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிடலாம்."

பள்ளிக்குள் நுழைந்தபோது இன்னும் மணி அடித்திருக்கவில்லை. தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

இறங்கும்போது குட்டிப் பையன் ஒருவன் கேட்டான், "மாமா, நாளைக்கு எப்படிப் பூட்டுவீங்க?"

"ஒத்தக் கால்ல நின்னு பூட்டலாம்னு இருக்கேன்" என்றார் அப்பா.

மறுநாள் எதிர்வீட்டுக்காரர் வழக்கத்தைவிட முன்னதாகவே பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்துவிட்டார்.