பதினோரு கடிதங்களின் ஒரே வரி

வாருங்கள், வாசகரே. வந்து இந்த மேசையருகே சாட்சியாக நில்லுங்கள். இங்கே இரத்தம் சிந்தவில்லை, பூட்டு உடையவில்லை, யார் மீதும் யாரும் கை ஓங்கவில்லை. ஒரு மனிதன் சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினோரு கடிதங்களில் ஒரு வரியை அடித்தான். அவ்வளவுதான் குற்றம். அது அவ்வளவு சிறியதாக இருந்ததால்தான் அவனைப் பிடிக்க எவரும் வரவில்லை. ஆகவே நீங்கள் வர வேண்டியிருக்கிறது.

அலுவலகத்தில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். இசைக்கருவிகளுக்கென்றே வெளிவரும் மாத இதழில் 'வாசிப்பவர் சொல்கிறார்' என்ற பக்கத்தை ஒன்பது ஆண்டுகளாகத் தொகுத்து வந்தான். புதிய கருவியொன்றை வாங்கி வாசித்தவர்கள் எழுதும் கடிதங்களைச் சேர்ப்பான். ஒவ்வொன்றையும் நாற்பது சொற்களுக்குள் நறுக்குவான். பன்னிரண்டு கருத்துகளாக அடுக்கித் தருவான். அந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. இயற்றியவனும் அவனே. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னால் இரண்டாவதை நீக்கிவிட வேண்டும். ஒரே புலம்பலைப் பன்னிரண்டு முறை படிக்க எந்த வாசகனுக்குப் பொறுமை இருக்கிறது என்பது அவன் வாதம்.

அந்த மாதம் வந்தது, எஃபெக்டுகள் எனப்படும் ஒலி ஜாலங்களை வயிற்றுக்குள்ளேயே விழுங்கி வைத்திருந்த ஒரு கிட்டார். ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், வயர் வேண்டாம். முதுகுப் பலகையின் உட்புறம் பிஸ்கட் அளவில் ஒட்டப்பட்டிருக்கும் அதிர்வி, தந்தியின் ஒலியைக் கேட்டு, அதையே பெருக்கி மரத்துக்குத் திருப்பி ஊட்டும். பக்கவாட்டில் மூன்று சிறு திருகுகள். ஒன்றைத் திருகினால் எதிரொலி. அடுத்ததைத் திருகினால் பத்தடி அறை ஆயிரம் பேர் அமரும் மண்டபமாகிவிடும். மூன்றாவது, பிடித்த ஒலியை விடாமல் நிறுத்தி வைக்கும்.

'மரத்துக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்' என்று ஒரு மேடைக் கலைஞர் சீறியிருந்தார். பத்து ஆண்டுகளாக அவரை எந்த மேடையும் கண்டதில்லை என்பது கத்தரிக்குத் தெரியும். 'குளியலறைக்குப் போகாமலே குளியலறைக் குரல்' என்று ஒரு பல் மருத்துவர் பூரித்திருந்தார். மூன்று 'கார்ட்' சுரக்கூட்டுக்கு மேல் தெரியாத தன்னையும் இது கலைஞனாக்கிவிட்டது என்று ஒரு தையற்கடைக்காரர் எழுதியிருந்தார். ஆக்கவில்லை ஐயா, என்று கத்தரி வாய்க்குள் சொல்லிக்கொண்டான். இகழ்ந்தவரையும் இகழ்ந்தான், புகழ்ந்தவரையும் இகழ்ந்தான். பிறர் கருத்தைத் தின்றே வயிறு வளர்ப்பவனுக்குக் கருத்துச் சொல்பவர் மீது வருகிற ஏளனம் அது.

ஆனால் பன்னிரண்டு கடிதங்களில் பதினொன்று ஒரே வரியில் முடிந்தன. சொற்கள் வேறு, பொருள் ஒன்று: 'இதற்குள் போன என் சத்தம் என்னிடம் திரும்பி வரவில்லை.' அந்த வரி இல்லாத பன்னிரண்டாவது கடிதம், கிட்டாரைச் செய்த நிறுவனமே எழுதி அனுப்பியது.

சட்டப்படி பத்துக் கடிதங்களில் அந்த வரியை அடித்தான். எஞ்சிய ஒன்று தனியே நின்றபோது கிறுக்கன் பேச்சாகத் தோன்றியது. அதையும் அடித்தான். பலர் சொன்னால் சலிப்பு, ஒருவர் சொன்னால் பைத்தியம். இரண்டுக்கும் ஒரே பேனா. வேலை முடிந்தது என்று எழுந்தவன், நிறுவனம் பரிசோதனைக்கு அனுப்பியிருந்த கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை மாலை தன் தங்கையின் மடியில் வைத்தான்.

தங்கை பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இரண்டாம் மாடியிலிருந்த அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். வியாழக்கிழமை ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குக் குரல் தேர்வு. ஏழு ஆண்டுகளாக விண்ணப்பித்து, இப்போதுதான் அழைத்திருந்தார்கள். அவளிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அதை நம்பித்தான் வந்த வரன்களையும் தள்ளி வைத்திருந்தாள்.

"இத வாசிச்சவங்கல்லாம் என்னண்ணா சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் சொல்றாங்க."

"உன் கையில சிக்கினா திட்டினவங்களும் நல்லாத்தான் சொல்லுவாங்க" என்று சிரித்துக்கொண்டே கிட்டாரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணி. அவள் உள்ளறையிலிருந்து வந்து, தண்ணீர் குடித்து, எவர்சில்வர் டம்ளரை மேசைமேல் வைத்தாள். சத்தம் வரவில்லை.

கத்தரி மேசையில், தான் சிவப்புக் கோடிட்ட புரூஃப் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். மின்விசிறியின் மூன்றாவது இறக்கை வழக்கம்போல ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முனகிக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது. கீழே தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த துணியின் வாசனையும் புதிய வார்னிஷின் இனிப்பு நெடியும் அறையில் கலந்திருந்தன. இத்தனையும் கேட்ட காதுக்கு, முழங்கை தூரத்தில் வைத்த டம்ளர் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று அவன் யோசித்தான். கவனப் பிசகு என்று தானே தனக்குச் சொல்லிக்கொண்டான். அவன் பிழைப்பே கவனம். அந்தச் சமாதானம் அவனுக்கே பிடிக்கவில்லை.

அவள் சமையலறைப் பக்கம் நடந்தாள். ரப்பர் செருப்பு தரையில் பட்டு எழுந்தது, பட்டு எழுந்தது. பஞ்சின்மேல் பஞ்சு விழுவதுபோல இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தாள். கீல் கிறீச்சிடும் கதவு அது, எண்ணெய் போடச் சொல்லி மூன்று மாதமாக அவனை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அது கிறீச்சிட்டது. உள்ளறையிலிருந்து கிறீச்சிட்டது. மெதுவாக, ஒரு கணம் தாமதமாக, உயரமான கூரை கொண்ட பெரிய மண்டபத்தில் யாரோ கதவைத் திறப்பதுபோல.

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

டம்ளரை மறுபடி வைத்துக் காட்டச் சொன்னான். விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, ஓங்கி வைத்தாள். அவனுடைய தேநீர்க் கோப்பையின் மேற்பரப்பில் வளையம் எழுந்து விளிம்பைத் தொட்டது. மேசை அவன் முழங்கையில் அதிர்ந்தது. ஒலி இல்லை. பிறகு, உள்ளே, கட்டிலின் பக்கமிருந்து: டங்... டங்... டங்... ஒவ்வொன்றும் முந்தியதைவிட மென்மையாக, அழகாக.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன.

"என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி பாக்கற?" என்று உள்ளறை கேட்டது.

அவள் கை தன் தொண்டைக்குப் போனது.

அவன் ஓடினான். கிட்டார் கட்டிலின்மேல் மல்லாந்து கிடந்தது. மூன்று திருகுகளும் பூஜ்யத்தில் இருந்தன. தந்திகள் மட்டும், யாரும் தொடாமல், பார்வைக்குப் பிடிபடாத வேகத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. பேட்டரி மூடியைத் திறந்து இரண்டு கட்டைகளையும் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தான். நடுக்கம் நிற்கவில்லை. உள்ளங்கையால் தந்திகளை அழுத்தினான். கட்டைவிரல் தடுக்கி ஒரு தந்தி அவனையறியாமல் மீட்டப்பட்டது. மரம் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரனின் முதுகுபோல. அந்தக் கையின் வழியாக அவள் இரண்டு நாளின் சத்தங்கள் வரிசையாக ஏறி வந்தன: செருப்பு, இருமல், சீப்பு, தாழ்ப்பாள், காலையில் அவள் பாடிய பயிற்சிப் பாடத்தின் கடைசி அடி. அது மிக நன்றாக இருந்தது. அவள் தொண்டையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

அவனுக்குக் கடிதங்கள் நினைவு வந்தன. தையற்கடைக்காரர் கடிதத்தில் தந்திருந்த எண்ணை அழைத்தான். மனைவி எடுத்தார். யார் என்று அவன் சொன்னான்.

"அவர் எழுதின கடைசி வரி வருதுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அவன் கட்டிலில் கிடந்த பேட்டரிக் கட்டையை எடுத்து விரல்களுக்குள் உருட்டினான்.

"அது ஒண்ணு வந்துட்டா போதும், படிச்சிட்டு யாராவது வருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இப்ப அவர் சொல்றதில்ல. அதுதான் சொல்லுது. போனை அதுகிட்ட குடுக்கட்டுங்களா, பேசறீங்களா?"

வேண்டாம் என்றான். உடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டான்.

"உடைச்சுக்கிடைச்சு வெச்சிடாதீங்க. எங்க தெருப் பல் டாக்டரு உடைச்சாரு. ஆளு நடமாடறாரு, சாப்பிடறாரு. நெஞ்சுல குழாய் வெச்சுப் பாத்தா மட்டும் ஒண்ணும் கேக்கலையாம்."

அந்த அம்மாளின் குரலுக்குப் பின்னால், பெரிய மண்டபமொன்றில், ஓர் ஆண் குரல் சிரித்துச் சிரித்துத் துணி அளவு சொல்லிக்கொண்டிருந்தது. அவன் தொடர்பைத் துண்டித்தான்.

திரும்பி வந்தபோது தங்கை மேசையருகே நின்றிருந்தாள். புரூஃப் தாள்கள் அவள் கையில். பதினோரு சிவப்புக் கோடுகள். அவற்றின் அடியில் இருந்ததை அவள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாளை முடித்ததும் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது ஆண்டுகளாக அவன் பிறர் மீது வீசிய ஏளனம் முழுவதும் அந்தப் பார்வையில் திரும்பி வந்தது. வாய் திறந்து ஒரே ஒரு சொல் சொன்னாள். உள்ளறையிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. அவள் சிரிப்பு வந்தது.

இன்னும் நேரம் இருந்தது. ஆறு மணிக்குத்தான் பக்கம் அச்சுக்குப் போகும். அவன் கணினி முன் விழுந்து, அடித்த வரிகளை உள்ளது உள்ளபடியே திருப்பி எழுதத் தொடங்கினான். ஒன்று. இரண்டு. பதினொன்றையும். பெயரோடு. தெருவோடு. முடித்தபோதுதான் கவனித்தான், விசைகள் ஒலிக்கவில்லை.

உள்ளறையில் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

தங்கையை அழைத்தான். அழைத்ததாக நினைத்தான். தொண்டை அசைந்தது, மூச்சு வெளியேறியது, காற்று மட்டும்தான். உள்ளே அவன் குரல் கனிவாக அவளை அழைத்தது.

கைப்பேசி அதிர்ந்தது. ஆசிரியர். எடுத்தபோது விரல் ஒலிபெருக்கிப் பொத்தானில் பட்டது.

"என்னய்யா கத்தரி, பக்கம் ரெடியா?"

நிறுத்துங்கள் என்று கத்தினான். நரம்பு புடைக்கக் கத்தினான்.

"ரெடி சார்" என்றது உள்ளறை, நிதானமாக, ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி. "வெள்ளிக்கிழமை குடுத்த புரூஃப் அப்படியே போகட்டும்."

"குரல் என்னய்யா இன்னிக்கு இவ்வளவு கம்பீரமா இருக்கு?"

உள்ளே அண்ணனும் தங்கையும் சேர்ந்து சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

கத்தரி எழுதியதை அனுப்பினான். அனுப்பிய நிமிடமே பதில் வந்தது. 'இப்பத்தானே வாயால சரின்னு சொன்ன. விளையாடாத. பதினொருத்தர் ஒரே வரிய எழுதினா அதை என்ன செய்யணும்னு உன் சட்டமே இருக்கு.'

அவன் மறுபடி எழுதினான். பதில் இல்லை. மறுபடி. பதில் இல்லை. ஆறு அடித்தது. அடுத்த வீட்டுக் கடிகாரம், அது கேட்டது.

தங்கை எழுந்து வந்தாள். அவன் சட்டையைப் பிடித்தாள். முஷ்டியை மடக்கி அவன் நெஞ்சில் குத்தினாள். அவள் முகம் முழுவதும் வாயாக இருந்தது. அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. குத்து வலித்தது. ஒலிக்கவில்லை. மறுபடி குத்தினாள். மறுபடி. உள்ளறையில் அந்தக் குத்துகள் தாளமாக விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் அவள் குரல் பாட்டை எடுத்தது. வியாழக்கிழமைக்கென்று வைத்திருந்த பாட்டு. குற்றமற்ற சுருதி. அவள் அடிக்க அடிக்க அது பாடியது. அவள் அழுதபடி நிறுத்தினாள். அது தாளத்தை விடவில்லை. அவள் கை தானாக உயர்ந்தது.

அந்தப் பக்கம் அச்சாகிவிட்டது, வாசகரே. பன்னிரண்டு கருத்துகள், ஏளனம் உண்டு, புகழ்ச்சி உண்டு, அச்சம் மட்டும் இல்லை. ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர் பெயரும் தெருவும் இருக்கின்றன. படித்துவிட்டு மடித்து வைக்க அல்ல நீங்கள் சாட்சியாக நின்றது. எழுந்திருங்கள். இன்றே போய் அந்தக் கதவுகளைத் தட்டுங்கள். உள்ளிருந்து 'நல்லா இருக்கோம், வாங்க' என்று கணீரென ஒரு குரல் வரும். அதைக் கேட்டு மனம் நிறைந்து திரும்பிவிடாதீர்கள். கதவைத் தள்ளுங்கள். உள்ளே போங்கள். பேசியது யார் என்று அவர்கள் முகத்தைப் பாருங்கள்.