விழுந்தது முளைக்கும்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் வந்து ராபர்ட் குடிகாட்டில் இறங்கியபோது மணி பகல் ஒன்றரை. ஐப்பசி மேகம் கடல் பக்கமிருந்து ஏறி வந்து வெளிச்சத்தை முக்கால்வாசி விழுங்கியிருந்தது. பல் மருத்துவக் கல்லூரியில் அவன் ஹவுஸ் சர்ஜனாகி ஆறு மாதம். அதுவரை சொந்தக்காரர்களில் ஒருவரும் வைத்தியத்துக்காக அவனிடம் பல்லைக் காட்டியதில்லை. அவன் சம்பளத்தைக் கேட்டுவிட்டுப் பல்லைக் காட்டியவர்கள் உண்டு. அதனால் அக்கா இன்னாசிமேரி போனில், பாப்பாவுக்குப் பல் விழுந்து நாலு மாதமாகியும் முளைக்கவில்லை, உடனே வா என்றதும், பையில் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியும் புதுக் கையுறையும் போட்டுக்கொண்டு பெருமையாகவே புறப்பட்டிருந்தான்.

அக்கா வீடு தெருக்கோடியில் இருந்தது. பழைய ஓட்டு வீடு. ஆனால் சொந்த வீடு. அதற்கு முன் அக்காவும் அவள் புருஷன் யாகப்பனும் பன்னிரண்டு வாடகை வீடுகளில் இருந்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். குடிவந்து ரெண்டு ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதித்ததும், நீங்க எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று ஓனர் வீட்டு அம்மா விசாரிப்பார். மறு மாதமே அவர் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும், புதுப் பொண்ணு மாப்பிள்ளைக்கு இடம் வேண்டும், காலி பண்ணிடுங்க என்பார்கள். பன்னிரண்டு ஓனர்களின் பையன்களுக்கும் இப்படிக் கல்யாணம் ஆனது. ஒரு பத்திரிகைகூட வந்ததில்லை.

பதிமூன்றாவது வீட்டின் வாசலில் யாகப்பன் நின்றிருந்தார். பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தைக்கூடக் கழற்றவில்லை.

"மச்சான், ஒரு நெடி அடிக்குதே, தெரியுதா?"

தெரிந்தது. யாகப்பன் மூக்கை வைத்தே கெமிக்கல் பேரைச் சொல்லிவிடுவார். இது மட்டும் தன் லிஸ்டில் இல்லாத சரக்கு என்றார். ராபர்ட்டுக்கு அது தினமும் பழகிய வாசனைதான். பல்லை மெஷினால் துளைக்கும்போது வருமே, எலும்பு கருகும் நெடி, அது. கல்லூரியில் என்றால் மூக்கில் ஏறவே ஏறாது. இங்கே தெருவில் முகர்ந்ததும், யார் எங்கே துளைக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தான்.

பாப்பா ஜெனிஃபர் ரெண்டாங்கிளாஸ். வாயைத் திற என்றதும் ஊருக்கே தெரிகிற மாதிரித் திறந்தாள். கீழ் வரிசையில் நடுப்பல் இரண்டும் இல்லை. ஈறு வழவழவென்று மூடியிருந்தது, அங்கே எப்போதுமே பல் இருந்ததில்லை என்பது போல. போன வருஷம் கோயில் திருவிழாவில் ஊஞ்சலிலிருந்து விழுந்தவளை ராபர்ட்தான் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய்ச் சீனியர்களிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்கவைத்தான். அந்தப் படம் இன்னும் அவன் போனில் இருந்தது. பால் பல் இரண்டுக்கும் அடியில், எலும்புக்குள், இரண்டு புதுப் பற்கள் பத்திரமாகப் படுத்திருந்தன. அக்கா இந்த வாரம் கடலூரில் எடுத்த படத்தை நீட்டினாள். போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தான்.

இரண்டும் இல்லை.

விழவில்லை, உடையவில்லை. இருந்த இடத்தில் இல்லை.

குழந்தை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், பயத்தை மறைக்கப் பாடம் நடத்த ஆரம்பித்தான். தாடை வளரும், பல் வளராது, போன வருஷச் செருப்பு மாதிரி. அதனால் பெரிய பல் வேண்டியிருக்கிறது. அது அடியிலிருந்து மெள்ள மேலே வரும். வரவர, மேலே இருக்கும் பால் பல்லின் வேரை நம் உடம்பே கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துத் தின்றுவிடும். வேர் போனால் பிடிமானம் போச்சு. பல் ஆடும், ஒரு நாள் விழும். அதனால்தான் தானாக விழுந்த பால் பல்லுக்கு வேரே இருக்காது. அடிப்பக்கம் குடைந்த கிண்ணம் போல இருக்கும்.

"என் பல்லும் அப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள் ஜெனிஃபர். "நட்டுட்டேன்."

"என்னாது?"

"நீதான மாமா சொன்ன."

சொல்லியிருந்தான். நாலு மாதத்துக்கு முன், விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிய அக்கா கிளம்பியபோது, வீடியோ காலில் ராபர்ட் சிரித்தான். அதெல்லாம் சுத்த வேஸ்ட், பாப்பா, விழுந்தது முளைக்கும் போ என்றான். டாக்டர் மாமா பேச்சைத் தட்டக்கூடாதென்று பாப்பா போனாள். பல் இரண்டையும் கொல்லையில் தென்னைமரத்தின் பக்கம் ஊன்றிவிட்டு, தினமும் ஸ்கூல் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். விதை முளைக்கிறது, பல்லும் முளைக்கிறது. ரெண்டுக்கும் தமிழில் ஒரே வார்த்தை இருந்தால் குழந்தை என்ன செய்யும்?

கொல்லைக்குப் போனார்கள். தென்னைமரம் குறுக்கே விழுந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமை விழுந்ததாம். புயலுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு நின்ற மரம். "காத்தே இல்ல மச்சான். ரெண்டு நாள் ஆடிச்சு, மூணாம் நாள் படுத்துக்கிச்சு" என்றார் யாகப்பன். கரையான் வேலை ஜாஸ்தி என்று ஆபீசில் மருந்து கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

ராபர்ட் மரத்தின் அடியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான்.

வேர் ஒன்றுகூட இல்லை.

அறுபட்ட தடமில்லை, அரித்த தூளில்லை. அடி மரம் உள்பக்கமாக வழவழவென்று குடைந்து, கிண்ணம் போல இருந்தது. இந்த வடிவத்தை அவன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். சுண்டுவிரல் நக அளவில்.

மரத்துக்கு அடுத்துத் துவைக்கிற கல். காலால் தொட்டான். ஆடியது. அதற்கு அடுத்து வீட்டின் பின்தாழ்வாரத்து மரத்தூண். இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான், நோயாளியின் பல்லை அசைக்கிற மாதிரி. தூண் அசைந்தது. பல்லாக இருந்தால் இதை இரண்டாம் நிலை ஆட்டம் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பான். வீட்டுக்கு எழுதக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

மேகம் இன்னும் இறங்கியது. காக்கைகள் எப்போது பேச்சை நிறுத்தின என்று தெரியவில்லை.

பாப்பா தண்ணீர் ஊற்றிய இடத்தில் மண் மேடு தட்டி வெடித்திருந்தது. வெடிப்பில் அவளுடைய பால் பல் இரண்டும், அவள் ஊன்றியபடியே, பக்கம்பக்கமாக நின்றன.

அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு.

ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். வெள்ளை. மேல் விளிம்பில் மும்மூன்று சிறு முகடுகள். புதிதாக முளைக்கும் முன்பல்லுக்கு அந்த முகடு இருக்கும், கடித்துக் கடித்துத்தான் தேயும் என்று ராபர்ட் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறான்.

இது இன்னும் எதையும் கடிக்கவில்லை.

பூமிக்கடியில் நறநறவென்று ஒரு சத்தம் தொடங்கியது. தூங்கும் குழந்தை பல்லைக் கடிக்கிற சத்தம். சமையலறையில் பாத்திரங்கள் நடுங்கின. தாழ்வாரத்து ஓடு ஒன்று நழுவி விழுந்து உடைந்தது. ராபர்ட் அக்காவின் கையைப் பிடித்தான். அடியிலிருந்து ஏதோ வருகிறது, அதற்கு இந்த இடம் வேண்டும், வழியில் இருக்கிறவற்றின் வேரைத் தின்றுகொண்டு வருகிறது, அடுத்தது வீடுதான், பாப்பாவைத் தூக்கு, போயிடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

இன்னாசிமேரி அவன் சொன்னதில் ஒன்றை மட்டும்தான் காதில் வாங்கினாள்.

"காலி பண்ணணுமா?"

"அக்கா, நான் சொல்றத..."

கையை உதறிவிட்டுத் தாழ்வாரத்தில் கிடந்த மணையை எடுத்துவந்து அந்த மேட்டுக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். புடவையை ஒழுங்காகச் சொருகிக்கொண்டாள். ஓனர் வீட்டு அம்மாக்களிடம் பன்னிரண்டு தடவை சொல்லாமல் விழுங்கியது மொத்தமும் இப்போது மேலே வந்தது. ஆனாலும் சத்தம் போடவில்லை.

"யாரு கல்யாணத்துக்கு எங்களக் கெளப்புற? சொல்லு. எல்லாருக்கும் எழுந்திரிச்சுப் போனோம். உனக்குப் போவ மாட்டோம். நாங்க ஒண்ணும் பால் பல்லு இல்ல, நீ வரேன்னதும் உழுவறதுக்கு."

நறநறவென்ற சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல.

அப்போது ஜெனிஃபர் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அது என் பல்லுதான மாமா? நான் நட்டது. நானே புடுங்கிடறேன்."

நட்டதைப் பிடுங்கு. இவ்வளவு எளிய வைத்தியம் டாக்டருக்குத் தோன்றவில்லை. ராபர்ட் குனிந்து ஒரு பால் பல்லைப் பிடித்தான். வரவில்லை. மண்டியிட்டு, கையுறை மாட்டி, இரண்டு பக்கமும் அசைத்துத் திருகி இழுத்தான். கிண்ணம் போல விழுந்த பல், வேரே இல்லாமல் விழுந்த பல், இப்போது வேரோடு வந்தது. மயிர் மயிராக, ஈரமாக, முழ நீளம். வந்துகொண்டே இருந்தது. அடியில் யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இழுத்தார்கள் என்றும் சொல்லலாம்.

ஜெனிஃபரும் அவன் கைமேல் கை வைத்தாள். "உடு" என்றாள் மண்ணைப் பார்த்து. பெஞ்சில் தன் ரப்பரை எடுத்த பையனிடம் சொல்கிற அதே குரல். "இது என்னோடது. என் வாயில மொளைக்க வேண்டியதயும் குடுத்துடு."

விட்டது. இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். இரண்டாவது பல் தானாகவே மண்ணில் சாய்ந்து கிடந்தது.

"மாமா, சாணி கொண்டாங்க" என்றான் ராபர்ட், பல் மருத்துவத்தில் பட்டம் வாங்கப்போகிறவன். யாகப்பன் யூனிபாரத்தோடு ஓடி, பக்கத்து வீட்டு மாட்டுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். உருட்டினார்கள். மண் இல்லாத இடத்தில், வேர் பிடிக்க வழியில்லாத ஓட்டின் மேல், ஜெனிஃபர் ஒவ்வொன்றாக எறிந்தாள். டொக். டொக்.

மழை பிடித்துக்கொண்டது. மேட்டு மண் கரைந்து, பெரிய பல் இரண்டும் உள்ளே இறங்கிவிட்ட வெடிப்பை மூடியது. ராபர்ட் தூணை அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. அக்கா மணையிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. நனைந்துகொண்டே, ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டாள்.

மூன்று வாரம் கழித்துச் சிதம்பரத்தில் அவன் போனுக்கு ஒரு படம் வந்தது. ஜெனிஃபரின் கீழ் ஈற்றில் இரண்டு வெள்ளைக் கோடு, மும்மூன்று முகடோடு. ராபர்ட் வார்டு முழுக்கக் காட்டினான். உடனே அக்காவைக் கூப்பிட்டான்.

அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் ஒரு விஷயம் என்றாள். காலையில் கொல்லையில் அந்த இடத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்ததாம். நாலு மூலையிலும் மஞ்சள், மேலெல்லாம் ஈர மண். உள்ளே பொண்ணு பேர் இல்லை, மாப்பிள்ளை பேர் இல்லை. கல்யாணம் நடக்கிற இடம் மட்டும் போட்டிருக்கிறது. நம்ம வீட்டுக் கதவு நம்பர். பத்திரிகையின் ஓரத்தில் ஒரு கடி.

ராபர்ட் வார்டை விட்டு வராந்தாவுக்கு வந்தான்.

"அதுக்கென்னடா" என்றாள் அக்கா. "கொல்லையில போட்டுட்டுப் போனா ஆச்சா? நேர்ல வந்து கூப்புடாத கல்யாணத்துக்கு நாம என்னிக்குப் போயிருக்கோம்?"

சொல்லி முடிக்கவில்லை. போனில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று முறை. மரியாதையாக.

"யாருக்கா?"

அக்கா நடந்துபோய்க் கதவைத் திறப்பதும் மூடுவதும் கேட்டது.

"வாசல்ல யாரும் இல்ல."

மறுபடி மூன்று முறை. இந்தத் தடவை ராபர்ட்டுக்கே தெரிந்தது, சத்தம் தரைக்கு அடியிலிருந்து வருகிறது.

"ஓ, நேர்லயே வந்துட்டியா" என்றாள் இன்னாசிமேரி, அவனிடம் இல்லை. பிறகு அவனிடம், "தம்பி, வைக்கிறன். ஆள் வந்திருக்கு."

போன் அணைவதற்குள், ஆட்டுக்கல்லிலிருந்து குழவியை அவள் இரண்டு கையாலும் தூக்கி எடுக்கும் சத்தம் கேட்டது.