அவரைத் துடைத்த தண்ணீர்

மண்புழுக்கள் எல்லாம் வெளியே வந்து கிடந்தன.

மழை பெய்து பாத்தியில் தண்ணீர் தேங்கினால் புழு மேலே வரும், அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மழையைப் பார்த்து மூன்று வாரமாகிறது. காலை ஆறரை மணிக்குப் பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு வாளியோடு வந்தவள், சிமெண்டுத் தரையில் வைக்கப்போன காலை அப்படியே நிறுத்திக்கொண்டாள். பாத்தியின் செங்கல் வரம்பைத் தாண்டி, தரை முழுக்க, நூல்கண்டு பிரிந்து விழுந்ததைப் போலச் சுருண்டும் நீண்டும் அவை காய்ந்து கிடந்தன. நூறா, இருநூறா, தெரியவில்லை. வருடக்கணக்காக அச்சுப்பிழை பார்த்துப் பழகிய கண் அவளுடையது. ஒரு கொம்போ சுழியோ இடம் மாறியிருந்தால் சட்டென்று உறுத்திவிடும். அந்தக் கண்தான் அதையும் பார்த்தது. அத்தனை புழுவும் தெருப்பக்கம் போயிருந்தது. ஒன்றுகூட வீட்டுப்பக்கம் வரவில்லை.

‘உரம் சூடு ஏறியிருக்கும்’ என்று சொல்லிக்கொண்டாள். துடைப்பத்தை எடுத்துக் கூட்டி, முறத்தில் அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளிடம் தெம்பு இல்லை. உள்ளே அலைபேசியில் மணி அடித்தது. அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நேரம்.

இரண்டு வருடமாக அந்த மணிதான் அவளுக்குப் பகலும் இரவும். அவள் புருஷன் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். ஒருநாள் காலை வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தவர்தான். நாற்பது பயணிகளுக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்கு வலப்பக்கம் போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்றார்கள். புரட்டினாள். புரட்டியும் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு படுக்கைப் புண் வந்தேவிட்டது. புரட்டல்களுக்கு நடுவே சமையல், துவையல், பதிப்பகத்துக்காரர்கள் அனுப்பும் பக்கங்கள். தூக்கம் என்பது இங்கே அரைமணி, அங்கே முக்கால்மணி என்று துண்டுத் துணி மாதிரி கிடைத்தது.

பாத்தி ஒன்றுதான் அவளுடையது. படுக்கையறைச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே, பத்தடிக்கு ஐந்தடி. குடிவந்தபோது அது வீடு கட்டியவர்கள் விட்டுப்போன காரையும் செங்கல் துண்டுமாகக் கிடந்த இடம். சல்லடை போட்டுச் சலித்தாள். காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு என்று குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, மாதக்கணக்கில் கிளறி, கறுப்பாக உரம் எடுத்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கினால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வருவதற்கு ஒரு வருடமாயிற்று.

வெட்டிய முடியும் நகமும்கூட உரத்துக்கு நல்லது என்று அலைபேசியில் யாரோ எழுதியிருந்தார்கள். அவருக்கு முடிவெட்டிய அன்றைக்கு அதையும் குழியில் போட்டாள். தினமும் ஈரத்துணியால் அவரைத் துடைத்த தண்ணீரையும் ஏன் சாக்கடையில் ஊற்றவேண்டும், சோப்பு கொஞ்சம்தானே என்று பாத்தியில் ஊற்றினாள். புண்ணில் வைத்து எடுத்த பஞ்சை மட்டும் தனியாகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுக்கும்படி நர்ஸ் சொல்லியிருந்தாள். வண்டி சேர்ந்தாற்போல் மூன்று வாரம் வரவில்லை. வீடு நாறியது. ஒரு மத்தியானம், கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த அசதியில், அந்தப் பையையும் கொண்டுபோய்க் குழியில் கவிழ்த்துக் காய்ந்த இலையால் மூடினாள். ஒரே ஒரு தடவை என்று நினைத்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

மண் எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டது. வீட்டில் அப்படி ஒன்று இருப்பது எவ்வளவு ஆறுதல்.

புழுக்கள் செத்த மறுநாள் அவள் பாத்தியில் கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மக்குகிற உரம் சுடும். ஆனால் அந்தச் சூடு ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். இது எங்கே தொட்டாலும் ஒரே சீராக இருந்தது. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தால், ‘இல்லை, சரியாகத்தான் இருக்கிறது’ என்று கையை எடுப்போமே, அந்தச் சூடு. மேல்மண்ணை விலக்கினால் வெள்ளை வெள்ளையாய் இழைகள் ஓடின. நல்ல மண்ணில் பூஞ்சை இழை ஓடும், அது மண்ணுக்கு உயிர் இருப்பதன் அடையாளம். அதையும் எங்கோ படித்திருந்தாள்.

செடிகள் என்னவோ தழைத்துக்கொண்டு வந்தன. பூச்சி இல்லை, பழுப்பு இல்லை. தக்காளி கொம்பையே சாய்க்கிற அளவுக்குக் காய்த்துத் தொங்கியது. பக்கக் கிளையைக் கிள்ளிய விரலை மூக்கருகே கொண்டுபோனாள். தக்காளி இலைக்கென்று ஒரு காரவாசனை உண்டு. அது இல்லை. டீசலும் வியர்வையும் கலந்து, எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்து அவர் கழற்றிப் போடுகிற காக்கிச் சட்டையின் காலர் வாசனை அடித்தது. இரண்டு வருடமாக இந்த வீட்டில் இல்லாத வாசனை. பயந்திருக்க வேண்டும். அவளோ விரலை மூக்கிலிருந்து எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள்.

“அம்மா, குரல் ஏன் இப்படி இருக்கு? தூங்கினியா?”

“தூங்கினேன், தூங்கினேன்.”

“பொய் சொல்லாத. பகல்ல மட்டும் ஒரு ஆளைப் போட்டுக்கோன்னு எத்தனை தடவை சொல்றேன்.”

“வர்றவங்களுக்கு அப்பாவைத் தூக்கத் தெரியாதும்மா. அது ஒரு பழக்கம்.”

மண் சூடாக இருப்பதை மகளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், அம்மாவுக்குத் தூக்கம் கெட்டு மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைப்பாள். ஒருவேளை அதுவும் உண்மையாக இருக்கலாம்.

வியாழக்கிழமை, காய்த்து ஓய்ந்துபோன ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கினாள். வரவில்லை. மண்ணைச் சுற்றிலும் தோண்டினாள். வேர் கீழே இறங்கவே இல்லை. எல்லா வேரும் ஒரே பக்கமாக, வாரிவிட்ட தலைமுடிபோலப் படிந்து, வீட்டுச் சுவரை நோக்கி ஓடியிருந்தது. பக்கத்துச் செடியைத் தோண்டினாள். அதுவும் அப்படித்தான். அஸ்திவாரம் தரையைத் தொடுகிற இடத்தில் மயிரிழை அகலத்தில் ஒரு விரிசல். வேர்கள் அதற்குள் நுழைந்திருந்தன. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கட்டில்.

மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினாள். ஏன் மூடினோம் என்று அவளுக்கே புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் கட்டு மாற்ற நர்ஸ் வந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டரில் வந்து போகிறவள், வாய் ஓயாமல் பேசுவாள், அவரையும் விடமாட்டாள். “டிரைவர் சார், இன்னிக்கு எந்த ரூட்டு?” என்று கேட்டுக்கொண்டே கையுறையை மாட்டினாள். ஒருக்களித்துப் படுத்திருந்தவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டைப் பிரித்ததும் பேச்சு நின்றது.

“அக்கா, இதைப் பாருங்களேன். மூணே நாள்ல எப்படி மூடியிருக்கு!”

புண் நிரம்பியிருந்தது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. புதுமழை விழுந்த மண்ணின் மணம் லேசாக வந்தது. அவர் முகத்தில்கூட ஒரு தெளிவு. கன்னம் உப்பி, தோலில் மினுமினுப்பு ஏறியிருந்தது.

“என்னக்கா பண்ணீங்க? நாங்க கொடுத்த மருந்துக்கு இதெல்லாம் கேக்காதே.”

“ஒண்ணும் பண்ணலையே.”

“துணி நூல் ஒண்ணு ஒட்டியிருக்கு, இருங்க” என்று நர்ஸ் இடுக்கியால் ஒரு வெள்ளை இழையைப் பிடித்தாள். இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழம் வந்தும் முடியவில்லை. அவருடைய தொண்டையிலிருந்து, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு முனகல் எழுந்தது.

ஜன்னலுக்கு வெளியே தக்காளிச் செடிகள் ஒருசேரக் குலுங்கின. காற்று இல்லை. மதில் மேல் வளர்ந்திருந்த புல்கூட அசையவில்லை.

நர்ஸ் இடுக்கியை விட்டுவிட்டாள். பஞ்சை வைத்து மூடி, பிளாஸ்திரி ஒட்டினாள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கக்கா. இன்னிக்கே. நான் வண்டிக்குச் சொல்லிடறேன்.”

“என்னம்மா அது?”

“எனக்குத் தெரியலக்கா. நிஜமா தெரியல.”

கையுறையைக் கழற்றாமலே அவள் வெளியே போனாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரி வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்று செய்தி வந்தது. அவருக்கு ஒரு சட்டையை எடுத்து வைத்தாள். பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுத்தாள். மணி அடித்தது. புரட்டும் நேரம்.

ஒரு கையைத் தோளுக்கடியிலும் இன்னொன்றை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் தூக்கினாள். வழக்கமாக எடை குறைந்த உடம்பு லேசாக வரும். இன்று வரவில்லை. மறுபடி தூக்கினாள். உடம்போடு சேர்ந்து மெத்தை எழும்பியது.

குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள்.

மெத்தையைத் துளைத்துக்கொண்டு வெள்ளை இழைகள் தொங்கின. மெல்லிய திரைபோல, நெருக்கமாக, தரைவரைக்கும். தரையில் படர்ந்து சுவரோரத்து விரிசலுக்குள் போயின. மிகவும் மெதுவாக அவை விம்மித் தணிந்தன. அவர் மூச்சு விடுகிற அதே தாளத்தில்.

பிறகு எழுந்து போனாள். செடிவெட்டும் கத்தரியை எடுத்து வந்தாள். முழங்காலிட்டாள். ஒரு கொத்தைப் பிடித்தாள். வெதுவெதுப்பு. வெட்டினாள்.

“இவளே.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைக் கூப்பிட்ட விதம் அது. பெயர் சொன்னதே இல்லை.

“வெட்டாத. வலிக்குது.”

அவருடைய குரல்தான். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் செல்லம். அவள் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. கண் கூரையைப் பார்த்திருந்தது.

“என்னங்க?” என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. “என்னங்க, பேசறீங்களா?”

“தண்ணி.”

ஓடிப்போய் டம்ளரில் கொண்டுவந்தாள். தலையைத் தாங்கி உதட்டில் வைத்தாள். வாயோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது.

“அங்க இல்ல.”

குரல் ஜன்னல் வழியாக வந்தது.

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கத்தியிருக்க வேண்டும், தெருவுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. இரண்டு வருடம் கேட்க ஏங்கிய குரல் தண்ணீர் கேட்கிறது. கால்கள் தாமாகப் பின்வாசலுக்கு நடந்தன. பூவாளியை நிரப்பினாள். உச்சிவெயில். செருப்பைப் போட மறந்திருந்தாள். தரை சுட்டது. பாத்திக்குள் இறங்கினாள். இதமாக இருந்தது.

ஊற்றினாள்.

உள்ளே, படுக்கையறையில், தாகத்தோடு ஒருவர் குடிக்கிற சத்தம். மடக். மடக். மடக்.

பூவாளி காலியானது. தெருவில் எங்கோ ஆஸ்பத்திரி வண்டியின் ஓலம் கேட்டது. வாசலில் நின்று யாராவது கூப்பிடுவார்கள். கதவைத் திறக்க வேண்டும். திரும்ப நினைத்தாள்.

பாதம் எழவில்லை.

கணுக்கால்வரை மண் ஏறியிருந்தது. விரலிடுக்குகளில் நூல்போல ஏதோ ஓடியது. குறுகுறுத்தது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது, வலிக்கவே இல்லை.

“களைச்சுப்போயிட்ட” என்றது குரல், அவள் காலுக்கடியிலிருந்து. “உக்காரு.”

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். முழங்கால் மடங்கியது.

தக்காளி, கத்தரி, மிளகாய். பாத்தியிலிருந்த அத்தனை இலைகளும், ஒவ்வொன்றாக, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பின.